ஆறடிக் காம்பும் நாலடித் தொட்டியும்: சின்ன யுடிவி வண்டியில் நீளக் கருவிகளை ஏற்றிச் செல்ல முழு வழிகாட்டி

ஒரு நாள் ரேக்கின் காம்பு என் வலது காதை உரசிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. வண்டி ஒன்றும் வேகமாகப் போகவில்லை, நடையைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். சருகு வாரிய ரேக்கைத் தொட்டியின் குறுக்கே போட்டு, நடுவில் ஒரே ஒரு எலாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தேன். இடப் பக்கம் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாதையோரம் நின்ற கட்டைவிரல் பருமனான ஒரு கன்று அந்த நுனியைப் பிடித்துக்கொண்டது. கயிறு கட்டிய இடமே அச்சாகிவிட, ரேக் காத்தாடி போலச் சுழன்றது. இடது நுனி பின்னால் போக, வலது நுனி இருக்கைக்குள் வந்துவிட்டது.

அன்றுமுதல் குறுக்கே எதையும் போடுவதில்லை. அந்தக் காம்பில் பட்டை உரிந்த பச்சைக் கறை இன்னும் இருக்கிறது.

இந்த வழிகாட்டி யுடிவி, சைடு பை சைடு என்று சொல்லப்படும், பின்னால் சரக்குத் தொட்டி உள்ள இரண்டு இருக்கை வண்டிகளுக்கும், கைப்பிடி வைத்து ஓட்டும் நான்கு சக்கர ஏடிவிக்கும். மண்வாரி, ரேக், கவைக்கோல், கடப்பாரை, தொரட்டி, கோடாரி, செயின் சா, நீளக் கம்பில் ரம்பம் வைத்த போல் சா ஆகியவைதான் சரக்கு. இவற்றில் பாதி வண்டியின் தொட்டியைவிட நீளமானவை. சிக்கலே அதுதான்.

மூன்று வேலை, மூன்று பிடி

"நன்றாகக் கட்டியிருக்கிறேன், அசையாது" என்போம். ஆனால் ஒரு நீளக் கருவியைப் பிடித்துவைப்பதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. அதன் எடையை ஏதாவது ஒன்று தாங்க வேண்டும். நீளவாக்கில் முன்னும் பின்னும் நழுவாமல் ஒன்று தடுக்க வேண்டும். பக்கவாட்டில் ஆடாமல் ஒன்று பிடிக்க வேண்டும். கடையில் விற்கும் ரப்பர் கிளிப்புகள் பெரும்பாலும் மூன்றாவது வேலையைத்தான் ஒழுங்காகச் செய்யும். நாம் மூன்றையும் அதன் தலையில் கட்டிவிட்டு, வழியில் மண்வாரியைத் தொலைத்துவிட்டு வருகிறோம்.

குயிக் ஃபிஸ்ட் என்ற ரப்பர் கிளாம்ப் இந்த வேலையில் பலருக்கும் பழக்கமானது. அதன் நடுத்தர அளவு ஏறக்குறைய 22 முதல் 57 மில்லிமீட்டர் வரை பருமனுள்ள பொருளைப் பிடிக்கும், 11 கிலோ வரை தாங்கும் என்பது அதன் கணக்கு. மண்வாரிக் காம்பு பொதுவாக 30 முதல் 38 மில்லிமீட்டர் இருக்கும், அதனால் பொருந்தும். ஆனால் காம்பு ரப்பருக்குள் தன் நீளவாக்கில் மெல்ல மெல்ல வழுக்கும். குண்டும் குழியுமான பாதையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அரை மில்லிமீட்டர் இறங்கினாலும் ஆயிரம் குலுக்கலில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆகவே காம்பின் அடி எதன் மேலாவது உட்கார வேண்டும். கிளிப் பிடிக்கட்டும், அடித்தட்டு சுமக்கட்டும்.

இன்னொரு கணக்கு. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் வண்டி மரத்தில் மோதி நின்றால், கட்டாத கோடாரி முன்னோக்கிப் பாயும் வேகம் 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகத்துக்குச் சமம். மணிக்கு 40 என்றால் 6 மீட்டருக்கும் மேலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகிறது. அதனால்தான் முன்பக்கத் தடுப்பு மற்ற எல்லாத் தடுப்பையும்விட முக்கியம். கனமான எந்தக் கருவிக்கும் முன்னால் தொட்டியின் முன்சுவர் இருக்க வேண்டும், உங்கள் முதுகு இருக்கக் கூடாது.

முதல் படி: டேப்பை எடுங்கள், கிளாம்ப் வாங்கப் போகாதீர்கள்

கருவிகளை எல்லாம் தரையில் வரிசையாகக் கிடத்துங்கள். உண்மையிலேயே ஒவ்வொரு முறையும் கொண்டுபோவது எது, "இருக்கட்டுமே" என்று போவது எது எனப் பிரியுங்கள். என் வரிசையில் ஏழு கிடந்தன, நான்குதான் தேறின. மீதி மூன்றும் கொட்டகைக்கே திரும்பிவிட்டன.

பிறகு ஒவ்வொன்றின் நீளம், காம்பின் பருமன், தலையின் அகலம், எடை. கடப்பாரையைக் கையில் தூக்கிப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். 30 மில்லிமீட்டர் பருமனில் 1.8 மீட்டர் நீளமுள்ள இரும்புக் கம்பி 10 கிலோ வரும். முன்னே சொன்ன கிளாம்பின் 11 கிலோவுக்கு இது ரொம்ப நெருக்கம். குலுக்கலில் அந்தப் பத்து கிலோ பத்தாகவே நிற்காது.

இனி வண்டி. தொட்டியின் உள்நீளம், உள்ளகலம், சுவர் உயரம், தரையிலிருந்து தொட்டியின் தளம் எவ்வளவு உயரம், இருக்கையைச் சுற்றி நிற்கும் இரும்புக் குழாய்க் கூண்டான ரோல் கேஜின் உச்சி எவ்வளவு உயரம் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எடுத்துக்காட்டுக்கு 130 சென்டிமீட்டர் நீளம், 90 அகலமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். மூலைக்கு மூலை 158 சென்டிமீட்டர். ஐந்தடிக் காம்பு, அதாவது 1.5 மீட்டர், மூலைவாட்டில் முழுதாக உள்ளே படுத்துவிடும். கூடுதலாக ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம். மாதம் ஒருமுறை மட்டும் கருவி ஏற்றுபவருக்கு மூலைவாட்டில் கிடத்தி இரண்டு பெல்ட் போடுவதே போதும், இந்தக் கட்டுரையில் பாதியைத் தாண்டிப் போய்விடலாம். தொட்டியில் வேறு எதையும் ஏற்ற முடியாது என்பது ஒன்றுதான் குறை. வாரத்துக்கு மூன்று முறை விறகும் கருவியும் சேர்த்து ஏற்றுபவருக்கு அது பெரிய குறை.

வண்டியின் சுமை வரம்பு வண்டியிலேயே ஒட்டியிருக்கும், கையேட்டிலும் இருக்கும். இரண்டு எண்களைப் பாருங்கள். தொட்டிக்கான வரம்பு ஒன்று, மொத்த வண்டிக்கான வரம்பு ஒன்று. மொத்த வரம்பில் ஓட்டுபவர், பக்கத்தில் உட்காருபவர், நீங்கள் பிறகு மாட்டிய சாமான் சட்டம், கம்பிவடம் இழுக்கும் வின்ச் எல்லாம் சேர்த்தி. பலர் இதைக் கவனிப்பதில்லை.

தொடக்கூடாத இடங்கள்

ரோல் கேஜில் துளை போடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். வண்டி உருண்டால் உங்கள் தலையைக் காப்பது அந்தக் குழாய்தான். துளை விழுந்த இடத்தில் அது மடங்கும், வெல்டிங் சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறியிருக்கும். எதையாவது மாட்டத்தான் வேண்டும் என்றால் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப், உள்ளே ரப்பர் பட்டை. பல கேஜ்களில் குழாய் 45 முதல் 50 மில்லிமீட்டர் பருமன்தான், ஆனால் எல்லாமே வட்டக் குழாய் இல்லை. சில புதிய வண்டிகளில் குழாயின் வெட்டுமுகம் முட்டை போலவோ ஒரு பக்கம் தட்டையாகவோ இருக்கும். வட்டக் கிளாம்ப் அதில் உட்காராது.

கேஜுக்கும் தொட்டிக்கும் இடையில் பாலம் போல எதையும் கட்டாதீர்கள். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே வண்டிதான். மேடுபள்ளத்தில் கேஜ் ஒரு பக்கம் முறுக்கும், தொட்டி இன்னொரு பக்கம் ஆடும். ஒரு முனை கேஜிலும் மறுமுனை தொட்டியிலும் பிடித்த மரக்காம்பு அந்த முறுக்கலைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும். பிறகு ஒரு நாள் வேலை நடுவில் ஒடியும், நீங்களும் மரம் சரியில்லை என்பீர்கள்.

இருக்கைக்குப் பின்னால், தொட்டியின் முன்சுவரை ஒட்டிச் சில வண்டிகளில் எஞ்சினுக்கும், அதன் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்தும் சிவிடி பெல்ட்டுக்கும் காற்றுப் போகும் வாய் இருக்கும். அதை மறைத்துப் பலகை அடித்தால் பெல்ட் சூடேறிக் கெடும். சைலன்சர் பக்கம் பிவிசி பைப்போ கான்வாஸ் உறையோ போகக் கூடாது. பின்விளக்கு தெரிய வேண்டும். இருக்கையின் கதவு வலையும் ஏறி இறங்கும் வழியும் திறந்தே இருக்க வேண்டும்.

எது எங்கே

கனமானது கீழே, கூரானது மூடி, நீளமானது வண்டி போகும் திசையில். இந்த வரிசையில்தான் இடம் ஒதுக்குகிறேன்.

கடப்பாரைக்குத் தொட்டியின் தளம்தான் இடம், பக்கச் சுவரை ஒட்டி நீளவாக்கில். முன்சுவரில் ஒரு மரக்கட்டையைப் பிடித்து, அதில் 40 மில்லிமீட்டர் துளை போட்டு முனையை அதற்குள் செருகிவிடுவேன். பின்முனைக்கு ஒரு பட்டை. ஆறடிக் கடப்பாரை நாலடித் தொட்டியில் வெளியே நீட்டும்தான். பின்கதவைத் திறந்துவைத்து அதன் மேல் கிடத்துவதைவிட, பின்கதவை மூடி அதன் விளிம்பின் மேல் சாய்ந்திருக்கும்படி கிடத்துவது நல்லது. முன்முனை தாழ்ந்து, பின்முனை உயர்ந்து இருந்தால் நழுவினாலும் முன்சுவர்ப் பக்கம்தான் நழுவும். கதவைத் தொங்கவிட்டால் பள்ளத்திலிருந்து ஏறும்போது அதன் நுனி மண்ணைக் கொத்தும்.

கோடாரிக்குத் தோல் உறையோ தடித்த ரப்பர் உறையோ போட்டு, தலை கீழாக, முன்சுவரின் மூலையில். உறை இல்லையென்றால் பழைய சைக்கிள் டயரில் ஒரு சாண் வெட்டி வாயில் கவிழ்த்து டியூப் துண்டால் இழுத்துக் கட்டினால் போதும். அரிவாளுக்கும் அதே வைத்தியம்.

குட்டைக் காம்பு மண்வெட்டிக்கு ஸ்டாண்ட் எதுவும் வேண்டாம். தளத்தில் வாய் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு பட்டை.

மண்வாரி, ரேக், கவைக்கோல் மூன்றும்தான் தலைவலி. படுக்கவைத்தால் தொட்டி போச்சு, நிறுத்தினால் கிளையில் மாட்டும். இங்கே கொஞ்சம் கணக்கு உதவும். தொட்டியின் தளம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் என்று வையுங்கள். அதில் 1.5 மீட்டர் காம்பை நேராக நிறுத்தினால் உச்சி 2.3 மீட்டர் போகும். கேஜ் 1.95 மீட்டர் என்றால் ஓரடிக்கு மேல் மிஞ்சி நிற்கும். கேஜ் தாண்டிய கிளை அந்த ஓரடியில் மாட்டும், கேஜ் தள்ளிவிட்ட கிளை விசையோடு திரும்பி வந்து அறையும். அதே காம்பைச் செங்குத்திலிருந்து 40 பாகை பின்பக்கம் சாய்த்தால் அதன் உயரம் 1.15 மீட்டராகக் குறைகிறது. தளத்தோடு சேர்த்தால் 1.95, கேஜின் உயரத்துக்கு அடங்கிவிட்டது. பின்பக்கம் அது எடுத்துக்கொள்ளும் நீளம் 96 சென்டிமீட்டர்தான், தொட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். உங்கள் வண்டியில் எண்கள் மாறும். ஒரு காம்பைக் கையில் பிடித்துச் சாய்த்துக்கொண்டே, இன்னொருவரைத் தள்ளி நின்று கேஜின் உச்சியோடு பார்த்துச் சொல்லச் சொன்னால் கணக்கே வேண்டாம்.

சாய்வுப் பலகை செய்யும் முறை

சந்தையில் கிடைக்கும் நேர் ஸ்டாண்டுகளைவிட எனக்கு இந்தப் பலகைதான் பிடிக்கிறது. தொட்டியின் ஒரு பக்கச் சுவரோடு ஒட்டி நிற்கும், ஒரு சாண் இடத்துக்கு மேல் தின்னாது.

18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 120க்கு 60 சென்டிமீட்டர் துண்டு ஒன்று. நீரில் நனையும் பொருள் என்பதால் வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு கோட் பெயிண்ட், முக்கியமாகத் தளத்தில் படும் கீழ்விளிம்புக்கு. பலகையின் எடை சுமார் 8 கிலோ, இதையும் சுமைக் கணக்கில் சேருங்கள்.

பலகையைப் பக்கச் சுவரின் உட்புறமாக நிறுத்துங்கள். சுவர் 30 சென்டிமீட்டர் என்றால் அதற்கு மேல் இன்னொரு 30 தெரியும். தொட்டி பிளாஸ்டிக் என்றால் வெறும் போல்ட்டும் சின்ன வாஷரும் போதாது, சில மாதத்தில் துளை கிழிந்து நீளும். வெளிப்பக்கம் ஒரு இரும்புப் பட்டையைக் கொடுத்து, நான்கு போல்ட்டும் அதன் வழியாக வரட்டும். எல்லா நட்டும் உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டாக இருக்கட்டும். சாதாரண நட் இந்த அதிர்வில் நிற்பதில்லை.

இப்போது பலகையின் மேல் சாக்பீஸால் சாய்கோடுகள் போடுங்கள், ஒவ்வொரு கருவிக்கும் ஒன்று. கோடுகளின் அடிப்புள்ளிக்கு நடுவே 20 சென்டிமீட்டர் இடைவெளி. முன்சுவரை ஒட்டியது மண்வாரி, தலை கீழே. அடுத்தது ரேக், தலை மேலே. மூன்றாவது கவைக்கோல், தலை கீழே. இப்படி மாற்றி மாற்றி வைத்தால் தலையும் தலையும் இடிக்காது. மூன்றாவது கோட்டில் வைப்பது பின்கதவைத் தாண்டும் என்பதால் இருப்பதிலேயே குட்டைக் காம்புள்ள கருவியை அங்கே வையுங்கள்.

ரேக்கின் பற்கள் பின்னோக்கியோ தொட்டியின் உட்பக்கமோ பார்த்திருக்க வேண்டும். தொரட்டியின் கொக்கிக்கும் இதே விதிதான். மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் செதில் குத்தாது. கிளைகள் நம் வண்டியைத் தடவிக்கொண்டு போவதும் முன்னிருந்து பின்தான்.

அடித்தட்டை மறந்துவிடாதீர்கள், பளுவைச் சுமப்பது அதுதான். பலகையின் அடியில் ஒரு சாண் அகலத்தில் மரப்பெட்டி போல அடித்து, மண்வாரி வாய்க்கும் கவைக்கோல் முனைகளுக்கும் ஒரு பள்ளம், ரேக் காம்பின் நுனிக்கு ஒரு துளை. பள்ளத்தின் அடியில் விரல் நுழையும் அளவு ஓட்டை போடுங்கள். மண்ணும் மழைநீரும் வெளியேற வழி இல்லையென்றால் மூன்றே மழையில் பெட்டி சகதித் தொட்டியாகிவிடும். நான் முதலில் செய்த பெட்டிக்கு ஓட்டை போடாமல் விட்டு, கவைக்கோலின் கழுத்து துருப்பிடித்த பிறகுதான் விழித்தேன்.

இனிக் கிளாம்ப். ஒரு கருவிக்கு இரண்டு, நடுவில் குறைந்தது ஒரு முழம் இடைவெளி. அடியிலிருந்து காம்பின் வழியே 20 சென்டிமீட்டரில் ஒன்று, 70 சென்டிமீட்டரில் ஒன்று வைத்தால் இரண்டும் பலகைக்குள்ளேயே விழும். தலை கீழே இருக்கும் மண்வாரிக்குக் கீழ்க் கிளாம்ப் தலைக்கு மேலே, காம்பு தொடங்கும் இடத்தில் வரட்டும். இரும்புக் கிளிப் வேண்டாம். அது மரக்காம்பின் ஒரே இடத்தைக் கடித்துக்கொண்டே இருக்கும், காம்பு பிறகு அந்த இடத்தில்தான் ஒடியும்.

கிளாம்ப் வாங்க மனமில்லை என்றால் பலகையில் சின்ன மரக்கட்டைகளை அடித்து அரைவட்டப் பள்ளம் வெட்டி, பழைய சைக்கிள் டியூபை மேலே இழுத்து மாட்டலாம். நன்றாகவே பிடிக்கும். வெயிலில் ஆறு மாதத்தில் வெடிப்பு விடும், அப்போது மாற்றிக்கொள்ள வேண்டும்.

தொட்டியைச் சாய்த்துக் கொட்டும் வண்டி என்றால் ஒரு எச்சரிக்கை. தொட்டி எழும்பும்போது ஏற்கெனவே 40 பாகை சாய்ந்திருக்கும் கருவிகள் ஏறக்குறையப் படுத்துவிடும், பின்னால் மிஞ்சிய நுனி தரையைத் தொடும். கொட்டுவதற்கு முன் கருவிகளை இறக்கிவிடுங்கள். பலகையை மாட்டிய முதல் நாளே காலித் தொட்டியை மெல்ல உயர்த்தி, எது எதில் இடிக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

பைப்பில் செருகுவது

வழவழப்பான நேர்க்கம்புகளுக்குப் பிவிசி பைப் நல்ல உறை. தலையில்லாத தொரட்டிக் கம்பு, துண்டு துண்டாகக் கழற்றிய போல் சாவின் நீட்டுக் கம்புகள் எல்லாம் இதில் போகும். 75 மில்லிமீட்டர் பைப்பை நீளவாக்கில் பக்கச் சுவரின் மேல்விளிம்போடு பிடித்து, முன்முனையில் எண்ட் கேப், அதில் நீர் வடிய ஒரு துளை. பின்முனை திறப்பாக இருந்தால் கம்பு வழியில் இறங்கிவிடும், ஆகவே பைப்பின் வாய்க்குக் குறுக்கே ஒரு ரப்பர் பட்டை. பைப்பை மூன்று இடத்தில் தாங்குங்கள், இரண்டு போதாது, நடுவில் தொங்கி அதிரும். வெயில் பிவிசியை நொறுங்கவைக்கும் என்பதால் பெயிண்ட் அடித்துவிட்டால் நாள்படும்.

உள்ளே கம்பு கடகடக்கும். பைப்பின் இரு முனைகளிலும் உள்பக்கம் ஒரு துண்டுத் தரைவிரிப்பை ஒட்டிப் பாருங்கள். சத்தம் போனால் பாதி எரிச்சல் போகும், அதோடு புதிதாக ஏதாவது கழன்று சத்தம் போட்டால் காதில் விழும்.

போல் சா என்னும் தொல்லை

எஞ்சின் வைத்த போல் சா நீட்டினால் நான்கு மீட்டர் வரை போகும், மடக்கினாலும் இரண்டரைக்குக் குறையாது. இதை எந்தத் தொட்டியிலும் முழுதாக அடக்க முடியாது. கழற்றி இரண்டாக்கும் வகை என்றால் யோசிக்காமல் கழற்றுங்கள். கழற்ற முடியாது என்றால் எஞ்சின் உள்ள கனமுனையைத் தொட்டிக்குள் முன்சுவரோடு முட்டக் கொடுத்து, எரிபொருள் மூடி மேலே பார்த்திருக்க, பட்டை போட்டுவிடுங்கள். ரம்ப முனைக்கு உறை மாட்டி, பின்கதவின் விளிம்பில் ரப்பர் மெத்தை வைத்து அதன் மேல் கம்பைக் கிடத்துங்கள்.

பின்னால் நீட்டும் கம்புக்கு இரண்டு ஆபத்து. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வண்டியின் மூக்கு உயர, வால் தாழ்ந்து நுனி மண்ணில் குத்தும். இதற்கு நுனி மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, வளைவில் வண்டி இடப்பக்கம் திரும்பினால் வால் வலப்பக்கம் வீசும். மரங்களுக்கு நடுவே இறுக்கமாகத் திரும்புகையில் முன்சக்கரம் தப்பிய மரத்தில் பின்நுனி அடிக்கும். நுனியில் பளிச்சென்ற சிவப்புத் துணி கட்டுவது பின்னால் வருபவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடியில் அது தெரிவதால் எனக்கும் வாலின் நினைவு இருக்கிறது.

கேஜின் மேல் கூரையில் போல் சாவைக் கட்டுபவர்கள் உண்டு. எஞ்சின் எடையை வண்டியின் உச்சியில் வைப்பது சரிவில் வண்டியைக் கவிழப் பழக்குவதாகும். கைரம்பம் வைத்த லேசான கம்பு என்றால் கூரையில் போகலாம், அதுவும் முன்நுனி பம்பரைத் தாண்டாமல். அதைவிட நீளமானது அடிக்கடி வேண்டியிருந்தால் ஒரு சின்ன டிரெய்லர்தான் வழி.

ஏடிவி ஓட்டுபவருக்கு

இங்கே கதை வேறு. முன்னும் பின்னும் கம்பி ரேக் (சருகு வாரும் ரேக் அல்ல, சாமான் வைக்கும் சட்டம்) இருக்கிறது, குறுக்கே போடத்தான் கை போகும். வண்டியின் அகலமே 1.2 மீட்டர் சுற்றி இருக்கும், ஐந்தடிக் காம்பு இரு பக்கமும் அரைச் சாணுக்கும் மேல் நீட்டும். என் காதுக்கு நடந்தது இங்கே கைப்பிடிக்கு நடக்கும்.

ஏடிவியில் ஓட்டுபவர் உடம்பை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்துத்தான் வண்டியைச் சமன்செய்கிறார். கவிழும் நேரத்தில் குதித்து விலக இடம் வேண்டும். பின்ரேக்கின் நடுவில், முதுகுக்கு நேராகக் கூர்முனை எதுவும் நிற்கக் கூடாது. பின்ரேக்கின் ஒரு பக்க மூலையில் பைப் உறையைப் பின்சாய்வாகப் பிடித்து, ஒன்றிரண்டு கருவி மட்டும் ஏற்றுங்கள். தலை பின்பக்கம் இருக்கட்டும். முன்ரேக்கில் கருவி வைத்தால் அதன் முனை உங்களை நோக்கி இருக்கவே கூடாது. முன்ரேக்கின் சுமை வரம்பு பொதுவாகப் பின்ரேக்கைவிடக் குறைவு.

பட்டை, கயிறு

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு தார்ப்பாயைப் பிடிக்க நல்லது, கடப்பாரையைப் பிடிக்க அல்ல. குலுக்கலில் நீளும், நீண்டால் கொக்கி கழலும், கழன்ற கொக்கி கண்ணைத்தான் தேடும். கனத்துக்கு, நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட் அல்லது கையால் இழுத்தால் கவ்விக்கொள்ளும் பிடிகொக்கி பெல்ட். பெல்ட்டில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். பெரியது அறுபடும் பளு, சிறியது வேலைப் பளு. சிறியது பெரும்பாலும் பெரியதில் மூன்றில் ஒரு பங்கு. பார்க்க வேண்டியது சிறியதை. மரக்காம்பை ராட்செட்டால் முழுபலத்தோடு இறுக்காதீர்கள், வளைந்த காம்பு வளைந்தே நின்றுவிடும்.

செயின் சாவும் பெட்ரோல் கேனும்

செயின் சா தொட்டியில் உருளவிடும் சாமான் இல்லை. செயின் ஓடும் இரும்புப் பட்டைக்கு உறை, செயின் பிரேக் போட்டு, எரிபொருள் மூடி மேல்நோக்கி. செயின் ஆயில் எப்படியும் கசியும், அடியில் ஒரு தட்டு வையுங்கள். பாதையில் மரம் விழுந்து கிடந்தால் முதலில் தேவைப்படுவது இதுதான் என்பதால், மற்றவற்றை இறக்காமல் எடுக்கக்கூடிய பின்மூலைதான் இதன் இடம்.

பெட்ரோல் கேனைத் தொட்டியில் வைத்தபடியே நிரப்பாதீர்கள். பிளாஸ்டிக் தளத்தின் மேல் இருக்கும் கேனில் சேரும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை, ஒரு பொறி போதும். கேனைத் தரையில் இறக்கிவைத்து நிரப்பி, பிறகு ஏற்றுங்கள்.

சோதனை ஓட்டம்

எல்லாவற்றையும் மாட்டிவிட்டீர்களா? ஒவ்வொரு காம்பிலும் மேல் கிளாம்பின் விளிம்பை ஒட்டிச் சாக்பீஸால் ஒரு வளையம் போடுங்கள். பிறகு தெரிந்த மோசமான பாதையில் பத்து நிமிடம், வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். இறங்கிப் பாருங்கள். வளையம் கிளாம்பை விட்டு விலகியிருந்தால் காம்பு நழுவுகிறது, அடித்தட்டில் சரியாக உட்காரவில்லை. வளையம் பாதி அழிந்து, பாதி பளபளவென்று தேய்ந்திருந்தால் காம்பு சுழல்கிறது, கிளாம்ப் தொளதொளப்பு. வளையம் அப்படியே இருந்தால் அந்தக் கருவியை விட்டுவிடலாம். என் முதல் ஓட்டத்தில் மண்வாரியின் வளையம் இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது, கையால் அசைத்துப் பார்த்தபோது கல்போல நின்ற அதே மண்வாரி.

ஒரு மணிநேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லா நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். புது பிளைவுட் கொஞ்சம் அமுங்கும், நட் தளர்ந்தது போல இருக்கும். அதன் பிறகு மாதம் ஒருமுறை போதும். மரக்காம்பு மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும், கிளாம்ப் இறுக்கமும் கூடவே மாறும்.

கடைசியாக ஒரு வேலை. பலகையில் ஒவ்வொரு கருவியின் இடத்திலும் அதன் உருவத்தை வெள்ளைப் பெயிண்டில் வரைந்துவையுங்கள், காம்புகளில் ஒரு சாண் அகலத்துக்கு ஆரஞ்சுப் பட்டை அடியுங்கள். சருகுக்குள் கிடக்கும் மரநிறக் காம்பு கண்ணுக்குத் தெரியாது, ஆரஞ்சு தெரியும். வேலை முடிந்து சாவியைத் திருப்பும் முன் பலகையைத் திரும்பிப் பார்த்தால், எந்த வெள்ளை உருவம் வெறுமையாக இருக்கிறதோ அந்தக் கருவி இன்னும் மரத்தடியில் சாய்ந்துகொண்டு நிற்கிறது.